உள்ளங்கையைத் தொட்டுச் சொன்ன பதில்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. மதுரை வில்லாபுரத்தில் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சோஷியல் வொர்க்கர்கள் என்கிற சமூகப் பணியாளர்களைப் பற்றியெல்லாம் நன்றாகப் படித்தவர்கள்தான் எழுதவேண்டும். ஆனாலும் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறேன். காது கேட்காதவர் அறையாக இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுச் சற்று நின்றுதான் உள்ளே போகவேண்டும். வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருநாள், பக்கவாதத்தில் பேச்சுப் போன பெரியவர் ஒருவரைப் பார்க்க கேரன் என்ற சோஷியல் வொர்க்கர் வந்தார். கட்டிலருகே முட்டி போட்டு, டீயா காபியா என்று அவரிடம் கேட்டார். "டீ, நோ சுகர்" என்று நான் சொன்னேன். "தேங்க் யூ, நான் அவரைக் கேட்டேன்" என்று சிரித்தார். கோபித்துக்கொண்டாரோ என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தபந்தம் குறைந்த ஊர், அதனால்தான் நோயாளியையே கேட்கிறார்கள் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன். நம் ஊரில் பதில் சொல்ல எத்தனை பேர்!

போன விடுப்பில் மதுரைக்குப் போனபோது என் அண்ணனும் அதேபோல் படுத்திருந்தார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர். அண்ணி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வலது கையும் பேச்சும் போனபின் அக்கா அவரை வில்லாபுரத்தில் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இனி அவர் இங்கேயேதான், அவருடைய சோழவந்தான் வீட்டை வாடகைக்கு விடலாம் என்று அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தே பேசி முடித்தோம். அவரை யாரும் கேட்கவில்லை. நோயாளிக்கு எந்தப் பாரமும் தரக்கூடாது என்பதுதான் நம் பாசம்.

மருத்துவமனையிலிருந்து ஜெயந்தி என்ற சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வந்தார். எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னார். அண்ணன் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டதால் நான் மட்டும் நின்றேன்.

"வாயே வரல, அவருகிட்ட என்னத்தப் பேசப் போறீக? எங்கண்ணனுக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா.

"ஒங்களுக்குத் தெரியும்க்கா. ஆனா அவரு சொல்லிக் கேக்கணும்ல."

அக்கா போனாள். காபியோடு திரும்பி வந்தாள். பிறகு முறுக்கு. பிறகு தண்ணீர்.

"அடுத்து வாழையிலையோட வந்துருவீக போல" என்று ஜெயந்தி சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

பிறகு கட்டிலருகே முட்டி போட்டார். அப்படியே கேரன். கேரனை இவர் கண்டதுகூட இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, "அண்ணே, இது இந்த வீடு. இது ஒங்க வீடு. எங்க இருக்கணும்னு தொட்டுக் காட்டுங்க. அவசரமில்ல" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அண்ணன் தன் வீட்டைத் தொட்டார்.

"சரிண்ணே. அங்க விழுந்துட்டா தூக்க ஆளு வேணும்ல? யாரு இருப்பாக?"

அப்படி ஒரு கேள்வியை அவர் முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. அண்ணன் யோசித்தார். என் முந்தானையைச் சுண்டி இழுத்தார்.

'அவுக வெளிநாட்டுல இருக்காகண்ணே' என்று ஜெயந்தி எனக்காகச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, எனக்காகவும் அதே பொறுமையோடு காத்திருந்தார். என் வீட்டுக்காரர், பிள்ளைகள், கதவைத் தட்டி நிற்கும் அந்த வேலை எல்லாம் அந்த அமைதிக்குள் வந்து நின்றன.

"என்னால முடியாதுண்ணே. அங்க புள்ளைக இருக்கு."

கட்டிலருகே குனிந்தேன். மறுபடி சொன்னேன். அண்ணன் என்னையே பார்த்தார். முந்தானையை விட்டுவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஜெயந்தியின் உள்ளங்கையில் தன் வீட்டையே மறுபடியும் தொட்டார்.

கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்ட அக்கா அழுதுகொண்டே உள்ளே வந்தாள். "இம்புட்டு வீம்பு இருக்குல்ல, அப்ப கையும் காலும் தன்னால வந்துரும்!"

ஜெயந்தி படித்தது என்ன படிப்பு என்று இன்றும் வியக்கிறேன். யார் இருப்பார்கள் என்ற அந்தக் கேள்வி இல்லாவிட்டால், என்னால் இருக்க முடியாது என்பதை அண்ணனிடம் நேராகச் சொல்லாமலே விமானம் ஏறியிருப்பேன். சொன்னபின், அங்கேயும் இங்கேயும் பாதிப்பாதியாகத்தான் இருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது.

மறுநாள் அக்கா தன் பாய் தலையணையோடு அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு சோழவந்தான் போனாள், ஒரு மாதம் இருந்து பார்ப்போம் என்று. நான் ஆட்டோவில் விமான நிலையம் போனேன்.