“எனக்கும் தெரியல”

பிள்ளை பிறந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, கம்பத்தில் ஒரு திராட்சை மண்டிக்குத் தமிழில் பில் போடும் மென்பொருள் எழுதுவது. பில்லில் ‘திராட்சை’யின் ‘சை’ உடைந்து, முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் நின்றது.

“வாங்க வாரவுக பாத்துச் சிரிக்கிறாகம்மா. நாளைக்குச் சரியாகலைன்னா பழைய பில்லுக்கே போயிருவோம்” என்றார் மண்டிக்காரர்.

ஏஐயிடம் கேட்டேன். சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் “இதோ சரியான தீர்வு” என்றது. ஒன்றும் சரிவரவில்லை. இணையத்தில் புரோகிராமர்கள் குழு இருக்கிறது, ஆனால் முன்பொருமுறை அங்கே “இதுகூடத் தெரியாதா?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். வேறு வழியில்லாமல் அங்கேயே கேட்டேன்.

போடியிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் குரல்பதிவு அனுப்பினார். “எனக்கும் தெரியலையேங்க. அங்கன பிரிண்டர்ல எப்படி வருதுன்னு போட்டோ அனுப்புங்க, சேந்தே பாப்போம்.”

தெரியாதது எனக்கு மட்டுமில்லை என்றதும் அழுகை வந்துவிட்டது. மாலை முழுக்க இருவரும் மாறி மாறித் தோற்றோம். கடைசியில் பில்லைப் பிரிண்டருக்கு எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பிப் பார்த்தோம். திராட்சை திராட்சையாகவே வந்தது.

ஏஐயிடம் இன்றும் கேட்கிறேன், நிறையவே உதவுகிறது. ஆனால் “தெரியல” என்று சொன்னதற்காக ஒருவருக்கு நான் நன்றி சொன்னது அன்றுதான்.