பீர் மேசையில் சொன்ன ஜெபம்

குடிப்பதற்கென்று டூர் போவார்கள் என்பது எனக்கு இந்த வயசில்தான் தெரிந்தது. கடற்கரைக்குப் போவார்கள், மலைக்குப் போவார்கள், கன்வென்ஷன் கூட்டத்துக்கு வேன் வைத்துப் போவார்கள். பீர் காய்ச்சுகிற இடம் எங்கெங்கே இருக்கிறது என்று போனில் பார்த்து வைத்துக்கொண்டு, குளித்து, பவுடர் பூசி, குடும்பத்தோடு போவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். பெண்டாட்டி, ஒரு பெண். சின்னவனுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. ஆரணியில் என்னோடு இருக்கிறான், வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறான். சின்னவன் குடிப்பான். இதை மறைத்து எழுதி எனக்கு என்ன ஆகப்போகிறது? பொழுது சாய்ந்தால் ஒயின் ஷாப் பக்கம் போவான், வருவான், போட்ட சோற்றைத் தின்பான், படுத்துவிடுவான். யார் மேலேயும் கை நீட்டினதில்லை. ஒரு கிறிஸ்மஸுக்கு மட்டும் அண்ணன் வீட்டுக்குக் குடித்துவிட்டுப் போய், மருமகளின் சொந்தக்காரர்கள் எதிரில் சோஃபாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டான். அன்றோடு பெரியவன் அவனை ஒதுக்கிவிட்டான்.

இந்த மே மாசம் பெரியவன் குடும்பத்தோடு காரை எடுத்துக்கொண்டு, பெங்களூருக்குப் போகிற வழியில் என்னை ஏற்றிக்கொள்ள ஆரணிக்கு வந்தான். எல்லோரும் பெங்களூர் போகிறோம் என்றதும் சின்னவன் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பையோடு வாசலில் நிற்கிறான்.

"வண்டில இடம் இல்லடா," என்றான் பெரியவன்.

பின்சீட்டில் எனக்கும் பேத்திக்கும் நடுவில் ஒரு மாம்பழக் கூடை உட்கார்ந்து வந்தது. ஆற்காடு தாண்டினதும் பெரியவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா, நிச்சயதார்த்தத்துக்கும் அவனைக் கூப்புடப் போறதில்ல. சம்பந்தி வீட்டு ஆளுங்க டீசன்ட்டானவங்க. ஒரு குடிகாரனை வச்சிகினு நான் பேஜார்பட முடியாது."

நிச்சயதார்த்தம் அடுத்த மாசம், இதே பேத்திக்கு. சித்தப்பாவின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டு ஆரணிக் கடைத்தெரு பூராவும் சுற்றின பெண். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு நாலு பேர் எதிரில் வாய் வராது. அஞ்சாவது படிக்கும்போது டீச்சர் எழுப்பி நிறுத்தினால் எப்படி நடுங்குவேனோ அப்படித்தான் இன்னும் இருக்கிறேன்.

பெங்களூரில் முதல் நாள் காலையில் ஒரு பூங்காவைக் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக்குள் கூட்டிப்போனார்கள். உள்ளே ஆள் உயரத்துக்குப் பளபளவென்று அண்டாக்கள். சாயப்பட்டறை என்றுதான் நினைத்தேன். பேத்திக்குப் புடவைக் கலர் பார்க்க வந்திருக்கிறோம் போல என்று மனசுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன். அதற்கேற்ற மாதிரி ஒருவன் மரப்பலகையில் வரிசையாகச் சின்னச் சின்ன கிளாஸ் கொண்டுவந்து வைத்தான். வெளிர் மஞ்சள், அரக்கு, காப்பிக்கொட்டைக் கறுப்பு. சாயத்தில் சாம்பிள் கொடுத்திருக்கிறார்கள் என்று முந்தானையின் உள்பக்கம் ஒரு நுனியை எடுத்து அந்த அரக்கில் தோய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அய்யோ ஆயா!" என்று பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அது பீரு!"

நான் முந்தானையை விட்டுவிட்டேன். அந்த வாடை நாள் பூராவும் என் மேலேயே இருந்தது.

"சாதா பீர் இல்லம்மா," என்று பெரியவன் எனக்கு விளக்கம் சொன்னான். "இது கிராஃப்ட் பீர். இங்கயே கொஞ்சமா காய்ச்சறாங்க. பாட்டில்ல வர்றது பவர்லூம்னா, இது கைத்தறி மாதிரி."

கைத்தறி மாதிரியாம்! கைத்தறி நெய்கிறவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்து, கைத்தறி மாதிரி பீர் குடிக்கிறான் என் மகன்!

அவன் ஒரு கிளாஸை மூக்கிடம் வைத்து முகர்ந்தான். "ஆரஞ்சுத் தோல் வாசனை வருது பாரு," என்று மருமகளிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "கொத்தமல்லி விதையும் போட்டிருக்காங்க," என்றாள். சின்னவன் ராத்திரி வீட்டுக்கு வரும்போது அவன் மேலேயும்தான் வாசனை வரும். அது எந்தப் பழத்துத் தோல் என்று இதுவரை ஒருத்தரும் அவனைக் கேட்டதில்லை.

மறுநாள் ஒரு மாடித் தோட்டம். அதற்கு மறுநாள் பெரிய மரங்களுக்கு நடுவில் ஓர் இடம். எனக்கு எங்கே போனாலும் எலுமிச்சை ஜூஸ். நான் சுற்றிலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு குடிக்கிறார்கள். பிறந்தநாள் கேக் வெட்டிவிட்டுக் குடிக்கிறார்கள். ஒரு மேசைக்கு அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதற்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, குனிந்து தலையைத் தடவிவிட்டுப் போனான் பரிமாறுகிறவன். எங்கள் ஊரில் கம்பி ஜன்னலுக்குள் கையை விட்டு வாங்கி, இடுப்பில் சொருகிக்கொண்டு, சுவர் ஓரமாகத் திருடன் மாதிரி நின்று குடிக்க வேண்டும். போலீஸ்காரன் வந்தால் ஓட வேண்டும். இங்கே நாய்க்குக்கூட மரியாதை இருக்கிறது.

குடியை நான் நல்லது என்று சொல்லவில்லை. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் குடி ஒழிய வேண்டும் என்று உபவாசம் இருந்தவள்தான் நான். கெட்டது என்றால் இரண்டு பேருக்கும் கெட்டதாக இருக்கட்டும். அவ்வளவுதான் என் கேள்வி. அதை ஓட்டல் ரூமில் படுத்துக்கொண்டு சுவரிடம் கேட்டேன். மகனிடம் கேட்க வாய் வரவில்லை.

அந்த மரத்தடி இடத்தில்தான் மத்தியானச் சாப்பாடும் சொன்னார்கள். கோழி வறுவல், ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் வந்தது, கூடவே பெரிய கிளாஸில் பீரும் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். சாப்பாடு எதிரில் வந்தால், மூத்தவர்கள் ஜெபம் பண்ணாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆம்பூரில் பிரியாணிக் கடையில் உட்கார்ந்தாலும் கண்ணை மூடிவிட்டுத்தான் சாப்பிடுவோம். அவன் அப்பா போன பிறகு அது என் வேலை. ஜெபம் என்றால் எனக்குப் பயமில்லை, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்.

தட்டு வந்ததும் பெரியவன் பழக்கதோஷத்தில், "அம்மா, ஜெபம் பண்ணும்மா. ஜல்தி, ஆறிடும்," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னங்க, இங்கயா?" என்றாள் மருமகள்.

"சாப்பாடு தானே, எங்க இருந்தா இன்னா?"

பீர் கிளாஸை எதிரில் வைத்துக்கொண்டு என்னை ஜெபம் பண்ணச் சொல்கிறான்! எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பேத்தி போனைக் கவிழ்த்து வைத்தாள். பரிமாறினவன் என்ன ஏது என்று புரியாமல் அவனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பரலோகப் பிதாவே," என்று ஆரம்பித்தேன். "பிரயாணத்தில் எங்களைக் காத்தீர், ஸ்தோத்திரம். இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். பக்கத்தில் இருக்கிற பீருக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லணுமா, மன்னிப்புக் கேட்கணுமா, எனக்குத் தெரியலை ஆண்டவரே."

"அம்மா," என்றான் பெரியவன் மெல்ல. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்கு ரெண்டு பிள்ளைகளைக் கொடுத்தீர். ரெண்டு பேரும் குடிக்கிறாங்க. பெரியவன் குடிச்சா டூருன்னு சொல்றாங்க. சின்னவன் குடிச்சா குடிகாரன்னு சொல்றாங்க. குடிக்கிறவன் நிச்சயதார்த்தத்துக்கு வரக்கூடாதுன்னு என் பெரிய பிள்ளை ஒரு சட்டம் போட்டிருக்கான். நல்ல சட்டம் ஆண்டவரே. அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்தும். பொண்ணைப் பெத்த அப்பனே வர முடியாமப் போனா, அவ பக்கத்தில் யார் நிக்கிறதுன்னு நீரே ஒரு வழி காட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்."

"ஆமென்!" என்றாள் பேத்தி, அடுத்த மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி.

பெரியவன் முகம் சிவந்துபோயிருந்தது. "ஜெபமாம்மா இது? பஞ்சாயத்து! ஆண்டவர்கிட்டயே என்னைக் கோள் சொல்றியா?"

"அத்தை, இதை நீங்க வீட்டுல சொல்லியிருக்கலாமே," என்றாள் மருமகள்.

நான் குனிந்து ஜூஸைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் அவனை மாதிரி எவன் வீட்டு சோஃபாலயாவது உட்கார்ந்து அழுதிருக்கேனா? அதைச் சொல்லும்மா."

அது நியாயமான கேள்விதான்.

பேத்தி சொன்னாள். "சித்தப்பா தாத்தா போட்டோவைப் பார்த்துதான் அழுதாருப்பா. அன்னிக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன். நீ ஆபீஸ் பார்ட்டி முடிஞ்சு வந்து லிஃப்டுக்குள்ள உட்கார்ந்துகினு, வாட்ச்மேனுக்குப் பாட்டு பாடிக் காட்டலையா? அந்த வாட்ச்மேனே எங்க அம்மாவுக்குப் போன் பண்ணி, சாரை வந்து இட்டுகினு போங்கன்னு சொல்லலையா?"

"ஏய், சும்மா இருடி," என்றாள் மருமகள். ஆனால் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு சித்தப்பா வரணும்பா," என்றாள் பேத்தி. அவள் சிரிக்கவில்லை.

பெரியவன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தள்ளி வைப்பான் என்று எதிர்பார்த்தேன். எடுத்துக் குடித்தான். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு, "வரட்டும். ஆனா குடிச்சிட்டு வரக்கூடாது," என்றான்.

"அதை அவன்கிட்ட சொல்லு," என்றேன். அவனுக்குக் கேட்டதே ஆச்சரியம், அவ்வளவு சின்னக் குரல்.

அவன் அங்கேயே போன் போட்டான். மேசையில் வைத்துத்தான் பேசினான், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நிச்சயதார்த்தத் தேதியைச் சொன்னான். "நீ மொத நாளே வந்துரு. வேலை கீது," என்றான். அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. அப்புறம் சின்னவன், "சரிண்ணா," என்றான். "எங்க கீறீங்க? ஒரே பாட்டு சத்தமா கீதே?"

"ஓட்டல்ல," என்றான் பெரியவன்.

ஓட்டலாம்! மூன்று நாளாக ஒவ்வொரு இடமாகக் காட்டி, ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி என்று பெருமை பேசினவனுக்குத் தம்பியிடம் இடத்தின் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. நான் மறுபடியும் கையைக் கூப்பிக் கண்ணை மூடினேன்.

"அம்மா, போதும்மா, சொல்லிடறேன்!" என்று அலறினான் பெரியவன். "டேய், பீர் காய்ச்சற இடத்துல கீறோம்டா."

போன் சிரித்தது. சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தது. "அம்மாவையுமா இட்டுகினு போன? அம்மாவாண்ட குடு. அம்மோவ், நீ எவ்ளோ குடிச்ச?"

என்னிடம் இருந்த பொறுமையெல்லாம் அதோடு போய்விட்டது. "செருப்பு பிஞ்சிடும் உனக்கு!" என்றேன். "வாய் நாறிகினு வந்தேன்னு வச்சுக்கோ, உன்னையும் உன் அண்ணனையும் ஒண்ணா நிக்க வச்சு வாசல்லயே கதவைச் சாத்திடுவேன். பொண்ணுக்கு நானே பக்கத்தில் நின்னுக்கறேன்."

"சரிம்மா, சரிம்மா," என்றான் போனில் இருந்தவன். எதிரில் இருந்தவனும் அதையேதான் சொன்னான்.

சுற்றி இருந்த மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.