வீடியோ கால் மட்டும் பரவாயில்லை

மகளுக்குச் சளி என்று டாக்டரிடம் போனேன். சளியைப் பார்த்து முடித்தவர், "சாப்பிடும்போது போன் காட்டுவீங்களா?" என்றார். நான் குனிந்து மகளின் சட்டையைச் சரிசெய்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு வயசு முடியற வரைக்கும் வேண்டாம்மா. சொந்தக்காரங்க வீடியோ கால் பண்ணா மட்டும் பரவாயில்ல."

அவளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. 'அம்மா' என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அந்த அம்மாவும் நான்தானா, சோறா, மின்விசிறியா என்று எனக்குச் சந்தேகம். எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்வாள். போன் காட்டித்தான் பேச்சு தள்ளிப்போகிறதோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். இனி யாரும் கார்ட்டூன் அனுப்பாதீர்கள் என்பதற்காகத்தான் போட்டேன். எங்கள் வீட்டு ஆட்கள் கடைசி வரியை மட்டும் படித்தார்கள்.

மறுநாள் பால் பொங்கும் நேரத்தில் கம்மாபுரத்திலிருந்து மாமியார். "பாப்பாவக் காட்டும்மா. டாக்டரே காட்டச் சொல்லிட்டாராமே." அவர் வீடியோ காலையும் காதில் வைத்துத்தான் பேசுவார். திரை முழுக்க ஒரு காதும் கம்மலும். மகளும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வைத்ததும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் அம்மா, பசுமாட்டைக் காட்ட. மாடு திரும்பவே இல்லை. பிறகு பாண்டிச்சேரி நாத்தனார், வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து. ஒரு அழைப்பை எடுக்காவிட்டால் போதும், "புள்ளைக்கு என்னாச்சு, ஏன் எடுக்கல?" என்று அடுத்தவர் கூப்பிடுவார்.

தினமும் இப்படித்தான் ஆனது. கார்ட்டூன் இருந்தபோது மனசு உறுத்தினாலும் நிம்மதியாகக் குளித்தேன். இப்போது போனைப் பிடிப்பதே என் வேலை. முகம் தெரிகிற மாதிரி பிடிக்க வேண்டும், சிரிக்க வேண்டும், "அத்தைக்கு டாட்டா சொல்லு" என்று அவள் கையை நானே ஆட்ட வேண்டும். இதில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான், சிவப்புப் பட்டனை அமுக்கி அழைப்பைத் துண்டிப்பது. அதற்காக அவளை நான் கண்டிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்தேன். குளிக்க நேரமில்லாமல் மதியம் வரை எண்ணெயோடுதான் இருந்தேன். நெற்றியில் வழிந்து கண் எரிந்தது. அவள் என் முடியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்பாள், அவள் கையெல்லாம் எண்ணெய், சுவரெல்லாம் கை. அப்போது என் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். அவருக்குச் செராமிக் யூனிட்டில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சீவி, காயவைத்து, சூளைக்கு அனுப்புவார்.

"பாப்பாவக் காட்டு."

"நல்லா பாருங்க. நான் தலைக்குக் குளிச்சிட்டு வர வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்."

"ஏய், எனக்கு வேலை இருக்குது."

"எனக்கு இல்லையா? டாக்டர் சொன்ன வைத்தியம்தானே, பண்ணுங்க. போனை வச்சீங்கன்னா சாயந்தரம் வூட்டுக்கு வராதீங்க."

அரிசி டிரம்மில் போனைச் சாய்த்து, எதிரே அவளை உட்காரவைத்து, வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். குளியலறைக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டேன். முதலில், "பாப்பா, இங்க பாரு, யானை பொம்ம பாரு" என்று அவர் குரல் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. குழந்தை இருக்கிற வீட்டில் சத்தம் நின்றால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். பாதித் தலையில் சீயக்காயோடு நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன்.

நான் வைத்த இடத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவரைக் காணோம். ஒரு பலகை மட்டும் தெரிந்தது. அதில் குடம் தூக்கிய பெண் பொம்மைகள், சுடாதவை, வெள்ளை வெளேரென்று வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எதுவும் அசையவில்லை, பாடவில்லை.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"இங்கதான் சீவிக்கிட்டிருக்கேன்" என்று பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அது பேசாம பாத்துக்கிட்டுதானே இருக்குது? உனக்கு இன்னும் என்ன வேணும்?"

ஒரு குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பொம்மைகளிடம் ஒப்படைத்துவிட்டு வேலை பார்க்கிற மனுஷனை என்ன செய்வது? திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், பொம்மைகளைப் பார்த்தாள். "அம்மா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அசையாத பொம்மையைப் பார்ப்பது போன் பார்ப்பதில் சேருமா, வீடியோ காலில் சேருமா? டாக்டரிடம் கேட்கலாமா, கேட்டால் என்ன நினைப்பார்? நின்றபடியே யோசித்தேன். மீதித் தலையில் இன்னும் எண்ணெய் இருந்தது, சீயக்காய் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்படியே இருக்கட்டும். பலகைய நகத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குத் திரும்பினேன்.