பதினோரு தலைக்கு ஆறு ஹெல்மெட்

பேரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவதென்றால் இப்போது எனக்கும் ஹெல்மெட் வேண்டுமாம். எண்பதைத் தாண்டிய மண்டையில் காப்பாற்ற என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்டேன். "போலீஸ் புட்ச்சா நீயா வந்து பேசுவ? போட்டுக்கோ தாத்தா" என்று தலையில் கவிழ்த்துவிட்டான். உள்ளே ஒரு வாடை. தேங்காயெண்ணெயும் பல நாள் வியர்வையும் ஊறிப்போன பஞ்சு வாடை. நான் முகத்தைச் சுளித்தேன். ஆனால் கழற்றவில்லை. அந்த வாடையை எனக்குத் தெரியும்.

போய்க்கொண்டிருந்ததும் அந்த வாடை இருந்த இடத்துக்குத்தான். செங்கல்பட்டில் நான் படித்த சின்னக் கல்லூரி ஏதோ விழா மலர் போடுகிறதாம். அதற்காக ஒரு தம்பி நாலு நாளாகப் போனில் என் உயிரை வாங்கினார். "சார், நம்ம காலேஜ்ல அமெரிக்கன் ஃபுட்பால் டீம் இருந்துச்சாமே? அதோட வரலாறு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அதுல ஆடுனவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் கெடச்சீங்க." எத்தனை கப்பு வாங்கினோம் என்று வேறு கேட்டார். ஆடியதே ஒரே ஒரு ஆட்டம் என்றேன். "பரவால்ல சார், கொஞ்சம் பெருசு பண்ணி எழுதிடுங்க" என்றார். பெருசு பண்ண எனக்கு வராது. அவருக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் எங்களுக்கு ஆங்கிலம் நடத்த அமெரிக்காவிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். 'சார்' என்று கூப்பிடுங்கள் போதும் என்று கெஞ்சினார். எங்களுக்கு வாயில் 'துரை' என்றுதான் வந்தது. புத்தகங்களைவிடப் பத்திரமாக அவர் பெட்டியில் கொண்டுவந்தது ஒரு தோல் பந்து. இரண்டு முனையும் கூம்பியிருக்கும். கல்லூரி பியூன் முனுசாமி அதைப் பார்த்து, கப்பலில் நசுங்கிவிட்டது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, பஸ் ஸ்டாண்டு சைக்கிள் கடைக்கு எடுத்துப்போய் உருண்டையாகிற வரைக்கும் காற்றடிக்கச் சொன்னார். பந்து வெடித்தது. துரை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. புதுப் பந்து வர மூன்று மாதம் ஆனது. அந்தப் பார்சலில்தான் ஹெல்மெட்டும் வந்தது. பதினோரு பேருக்கு ஆறு. மாற்றி மாற்றிப் போட்டதில் எல்லாருடைய எண்ணெயும் எல்லாருடைய தலையிலும் இருந்தது. தோள்பட்டைக்கு வைக்க, டெய்லரிடம் இலவம்பஞ்சு திணித்துத் தைத்துக்கொண்டோம். பார்க்கப் பச்சைக் குழந்தையின் தலையணையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

ஆட்டம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரமில்லை. பந்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் ஓட வேண்டும். எதிராளிகள் அவனைப் பிடித்து மண்ணில் சாய்ப்பார்கள். நம் ஆட்கள் அவர்களை இடித்துத் தள்ளி அவனுக்கு வழி பண்ண வேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் பாயிண்ட். நான் ஒல்லி, ஓட்டக்காரன். எனக்கு வழி பண்ணுகிறவன் தேவசகாயம், எங்களுக்குத் தேவா.

தேவா கருங்குழிப் பக்கத்துச் சேரிக்காரன். அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் கூலி. அந்தச் சேரியிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவன்தான். அணியில் இருப்பவனுக்கு ஆஸ்டலில் இடமும் சாப்பாடும் இலவசம் என்று துரை நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கியிருந்தார். எங்களுக்கு அது விளையாட்டு. அவனுக்கு அதுதான் படிப்பு. "டீம் பூட்ச்சின்னா நானும் பூட்டேன் மச்சான். ஊர்ல போயி களைதான் புடுங்கணும்" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

இந்த அணிக்கு ஒரு வியாதி இருந்தது. கால் பட்டால் நிற்கிற வியாதி. யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் எங்களால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. நானோ திருக்கழுக்குன்றத்தில் கோயில் உத்தியோகக் குடும்பம். காகிதத்தை மிதித்தாலே கன்னத்தில் போட்டுக்கொண்டு வளர்ந்தவன். ஓடுகிறவன் குனிவான், இடித்தவன் குனிவான், இடிபட்டவன் "பரவால்ல விடுப்பா" என்பான். பந்து அநாதையாக உருண்டு போகும். துரை தலையில் கை வைத்துக்கொண்டு கத்துவார். அவர் கற்ற ஒரே தமிழ் வார்த்தை "ஓடு!"

வியாதியைத் தீர்க்க, சனிக்கிழமைகளில் காலேஜ் லாரியில் மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப்போனார். மணலில் பத்துப் பேரைப் படுக்க வைத்து, ஒருவனை மேலே ஓடச் சொல்வார். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பொறுக்க முடியாமல் வந்துவிட்டார். "இன்னாபா இது, படிக்கிற புள்ளைங்கள இந்த வெள்ளக்காரன் இப்டி மெறிக்க வுட்னுகீறான்? வூட்ல தெரியுமா?" கடைசியில் நாங்களே ஒரு சமரசம் கண்டுபிடித்தோம். ஆட்டத்தில் எத்தனை மிதி மிதித்தாலும் நிற்பதில்லை. விசில் ஊதியதும் மொத்தமாக ஒருவரை ஒருவர் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வது. துரைக்கு அன்று ஆனந்தக் கண்ணீரே வந்தது. பாவம், நம்பிவிட்டார்.

தாளாளருக்கு இந்த ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. வருஷக் கடைசியில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மதராஸில் இருக்கிற அமெரிக்கர்களை அழைத்து ஒரு ஆட்டம் ஆடுங்கள். ஜெயிக்கக்கூட வேண்டாம், ஒரே ஒரு தடவை கோட்டைத் தாண்டிக் காட்டுங்கள், அணி இருக்கட்டும். இல்லையென்றால் இத்தோடு முடிந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் கதவு அகலம். எங்களைப் பூப்போலத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பந்து என் கைக்கு வந்தது. தேவா முன்னால் பாய்ந்தான். இரண்டு பேரை ஒன்றாக முட்டிச் சாய்த்து அவர்களோடு தானும் விழுந்தான். எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கோடு பத்தடி தூரம். விழுந்து கிடந்தவர்களை நான் தாண்டினேன். தாண்டிய கால் தேவாவின் நெஞ்சில் இறங்கியது.

நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. நின்றேன், குனிந்தேன், அவன் நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் அவன் கண் இரண்டும் பிதுங்கியது. "ஓட்ரா! இன்னாத்துக்குடா நிக்கிற? ஓட்ரா!"

ஒற்றிய கை கீழே இறங்குவதற்குள் ஒரு அமெரிக்கன் என் மேல் விழுந்தான். பந்து எங்கேயோ போனது. துரை கத்தவில்லை. மைதானத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறு வாரம் தேவா தகரப் பெட்டியோடு ரயிலுக்குக் காத்திருந்தான். நான் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் என்னென்னவோ உளறினேன். பழக்கதோஷம் என்றேன். அவன் ஸ்டேஷனை ஒட்டிய ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உன் வூட்டு வாசப்படிய இதுவரிக்கும் நான் மெறிச்சதில்ல. நீ கூப்ட்டதும் இல்ல. அது பரவால்ல மச்சான். எங்கள மெறிச்சவன் எவனும் இதுவரிக்கும் நின்னதில்ல. நிக்கக் கூடாத அன்னிக்குப் போயி நீ நின்ன பாரு."

அவன் சொன்னது உண்மை. வீட்டுக்குள் கூப்பிடத் துணியாதவன்தான் மைதானத்தில் அவனைக் கும்பிட்டேன். மதராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். தேடிப் போகவில்லை. வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனமும் உண்டு.

பேரன் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டான். மைதானம் இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. கோடு எங்கே இருந்தது என்று சிமெண்டுத் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து குதித்த ஒரு பையன், கனத்த ஷூவோடு என் கால் மேல் ஏறி இறங்கி, போனில் பேசியபடியே போனான். உயிர் போகிற வலி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணு தெரியல? பெரியவரு நிக்கிறாரு இல்ல?" என்று பேரன் எகிறினான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அந்தப் பையன் பஸ்களுக்கு நடுவே போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் இடத்தில் இவன் ஓடியிருந்தால் தேவா பி.ஏ. முடித்திருப்பான்.