முரியல் திறக்கச் சொன்ன பெட்டி

ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் முரியலுக்கு வைத்த பேர் மோப்பக்காரி. வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று சட்டமும் போட்டார்கள் அல்லவா, அந்த வேலி வாசலில் பெண்களையும் பெட்டிகளையும் சோதிக்கிற வேலை அவளுக்கு. கொண்டைக்குள் ஒளித்த சோற்றுருண்டை கூட அவள் கைக்குத் தப்பாது. வேலிக்கு வெளியே ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகிற பெண்களுக்கு மத்தியானம் வரை வெறும் வயிறு. வேறு யாரைத் திட்டுவார்கள்? ஆறு வருஷமாக அவளுக்கு ஒரு வெற்றிலை நீட்ட ஆளில்லை. தண்ணீர்க் குழாய்க்கு அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. போங்கடி என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுவாள். தாய் தகப்பன் இல்லாத தம்பி ராஃபேல் கோலாலம்பூரில் எஞ்சினியருக்குப் படித்தது இந்தச் சம்பளத்தில்தான்.

ராஃபேல் பாஸ். கூடப் படித்த, சுங்கை சோ தோட்டத்துச் சிவானந்தமும் பாஸ். லயத்தில் பிறந்தவன் எஞ்சினியர் என்றால் சும்மாவா? லயமே தலைகால் புரியாமல் ஆடியது. அக்காமேல் இருந்த கோபத்தைத் தம்பிமேல் யாரும் காட்டவில்லை. பால்மரம் வெட்டுகிற காளியம்மா இருபது வீட்டில் பங்கீட்டு அரிசியும் சீனியும் பிடிபிடியாக வாங்கி அதிரசம் சுட்டு, பட்டம் வாங்கப் போகிறவனின் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். சொந்தத் தம்பியைப் போய் முரியல் சோதிப்பாளா என்று எல்லாருக்கும் ஒரு தைரியம்.

வழியனுப்ப லயமே வாசலுக்கு வந்தது. வெளியே பஸ் நின்றது. முரியல் கையை நீட்டினாள்.

"பெட்டியைத் திறடா."

"நான்தான்லா, அக்கா."

"தெரியுது. திற."

திறந்தான். புதுக் கோட்டுக்கு அடியில், வாழையிலையில் சுற்றிய நாற்பது அதிரசம். கோலசிலாங்கூர் ரோட்டில் இன்னொரு சோதனை உண்டு. அங்கே பிடிபட்டால் பட்டம் வாங்க வேண்டியவன் ஜெயிலில் களி தின்ன வேண்டியதுதான். இங்கேயே பறித்தாலோ, இருபது வீட்டு அரிசி குப்பைக்குப் போகும்.

"நாங்கதான் வச்சோம். எடுத்துக்க. நீ பறிக்கிறது எங்களுக்குப் புதுசா?" என்றாள் காளியம்மா.

முரியல் பக்கத்தில் காவலுக்கு நின்ற போலீஸ் சார்ஜனிடம் திரும்பினாள். வேலிக்கு வெளியே கொண்டுபோகத்தானே கூடாது, உள்ளே நின்று தின்னலாமா என்று கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து பார்த்தார். தின்னக் கூடாதென்று எந்தச் சட்டமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்ப தின்னுடா," என்றாள் தம்பியிடம்.

எஞ்சினியர் ஐந்து தின்றான். ஆறாவதில் விக்கினான். சிரித்துக்கொண்டே பெண்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள், பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து இரண்டு எடுத்தார், சார்ஜனும் ஒன்றை வாயில் போட்டுச் சாட்சியத்தை அழித்தார். ராஃபேல் எண்ணெய்க் கையோடு பஸ் ஏறிப் பட்டம் வாங்கப் போனான்.

இலையில் ஒன்று மிஞ்சியது. முரியல் பார்க்காதவள் போலப் பெட்டி வைத்திருந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காளியம்மா அதை எடுத்து அவள் முன்னே நீட்டினாள்.

"நம்ம தம்பிக்குச் சுட்டது. நீ தின்னாம யாரு திங்கிறது?"

முரியல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே, லயம் மொத்தமும் பார்க்க, விம்மி விம்மி அழுதாள்.