செருப்பைக் கழற்றாத ஷெர்லி

போன ஞாயிறு எங்கள் ஆரணி சர்ச்சில் ஒரு சின்ன ரகளை. காரணம்... ஒரு ஜோடி ரப்பர் செருப்பு!

போட்டிருந்தது ஷெர்லி. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் சர்ச்சில் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். இவள் மட்டும் கழற்ற மாட்டாள். சர்ச்சில் மட்டுமா? வீட்டிலும் அப்படித்தான். படுப்பது கூடச் செருப்போடுதானாம்.

"கழட்டுடி... மானத்த வாங்காத!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் அவள் சித்தி. அம்மாவின் தங்கை; பட்டுக் கடையில் பில் போடுகிறவர். ஷெர்லி இப்போது இவர் வீட்டில்தான். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து செருப்பை இழுத்தார். பிள்ளை போட்ட கத்தலில் உள்ளே பாட்டே நின்றுவிட்டது.

"எப்பப் பாரு இதே பேஜாருங்க" என்றார் சித்தி என்னிடம். "அம்மா இல்லாத பொண்ணாச்சேன்னு நானும் பொறுத்துகினு இருக்கேன்."

ஆமாம், அம்மா இல்லை. போன மழையில் படவேடு பக்கம் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்ததில் போய்விட்டார். ஷெர்லி காலில் காயத்தோடு தப்பித்தவள். ஊசி போட்டார்கள், தையல் போட்டார்கள். "சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். நம் கடமை முடிந்தது!

ஒருவழியாகச் செருப்போடேயே உள்ளே விட்டார்கள். சித்தி வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். ஷெர்லி உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு நீள பெஞ்சில் அவள் மட்டும். எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்காரர் போனதிலிருந்து தனியாக உட்காருவது என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிரசங்கம் பாதி நடக்கும்போது என் காலைப் பார்த்தாள்.

"உங்க செருப்பு எங்க ஆன்ட்டி?"

"வெளிய இருக்குது கண்ணு."

"அப்ப எப்படி ஓடுவீங்க?"

எதற்கு ஓட வேண்டும்? வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"வெறுங்காலோட ஓட முடியாதுங்க. பக்கத்து வூட்ல கூப்பிடத்தான் போனேன். கண்ணாடி குத்திடுச்சி. மெதுவாத்தான் நடந்தேன். செருப்பு இருந்தா ஜல்தியா போயிருப்பேன்... நான் போறப்ப அம்மா பேசிகினுதான் இருந்தாங்க."

இத்தனை மாதமும் இந்தப் பாரத்தை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஹோம்வொர்க் முடித்தாயா — எல்லாம் கேட்டோம். ஏன் கழற்ற மாட்டேன் என்கிறாய் என்று ஒருத்தராவது கேட்டோமா?

"உன் தப்பு இல்லடா கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு வார்த்தையில் நம்புகிற விஷயமா அது? எனக்கு அழுகைதான் வந்தது.

எழுந்து வெளியே போனேன். என் செருப்பை மாட்டிக்கொண்டு, பாஸ்டர் பார்க்கப் பார்க்க உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். இந்த வாரம் மூவருமாக வேலூருக்குப் போய், குழந்தைகளுக்கான மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறோம். சரியாக எவ்வளவு நாள் ஆகுமோ, தெரியாது.

அதுவரை யார் என்ன சொன்னாலும் சரி — எங்கள் பெஞ்சுக்கு அடியில் இரண்டு ஜோடி செருப்பு இருக்கும்!