உள்ளே கை கழுவியது யார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, ஆவி, அருள்வாக்கு இதெல்லாம் என்னிடம் வேகாது. என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. இன்சூரன்ஸ் கிளெய்ம் வந்தால் நேரில் போய்ப் பார்த்து உண்மையா புளுகா என்று சொல்வது. இங்கே ஆக்லாந்தில், ஒடாஹுஹு பக்கம் கடை எரிந்துபோச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு அழுவார்கள், நான் போய்ப் பார்த்தால் தீப்பிடிக்க முன்னமே நல்ல சாமான் எல்லாம் வெளியே போயிருக்கும். இத்தனை வருடம் இதையே செய்து செய்து, என் மனைவி தலையிடி என்று சொன்னால்கூட உண்மையாவா என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொள்கிற ஆள் நான்.

நீங்களோ சென்னைக்காரர், ஐ.டி. ஆள், எதற்கும் ஆதாரம் கேட்பீர்கள். கேளுங்கள், நானும் அப்படித்தான். ராத்திரி, மழை, கரண்ட் போச்சு என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். நடந்தது பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இத்தாலியில். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் அண்ணன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஏஜென்சிக்காரன் எங்கெல்லாமோ சுற்றி எகிப்து வரைக்கும் கொண்டுபோய் விட்டான். அங்கிருந்து அண்ணன் அண்ணிக்கு போன் எடுத்து, நாளைக்குக் கப்பல், இத்தாலியில் இறங்கினதும் எடுக்கிறேன் என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அண்ணி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். கப்பல் மூழ்கிப்போனது என்றார் ஒருவர், முகாமில் கண்டேன் என்றார் இன்னொருவர், சந்தையில் மீன் வெட்டிக்கொண்டு நின்றார் என்றுகூட ஒருவர் சத்தியம் செய்தார். ஒவ்வொருவரையும் நான் பிடித்துக் குடைந்து குடைந்து கேட்டேன். எல்லாம் யாரோ சொல்லக் கேட்ட கதை.

அண்ணியும் மகள் அபியும் பிறகு எங்களோடு ஆக்லாந்துக்கு வந்துவிட்டார்கள். லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். அண்ணி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். பொட்டு அழிக்கவில்லை, தாலி கழற்றவில்லை, அண்ணனுக்குத் திவசம் என்று ஒன்று செய்ததும் இல்லை. யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அபிக்குக் கல்யாணம் பேசின பிறகுதான் சிக்கல் வந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தார்.

"சம்பந்தி குறை நினைக்கக் கூடாது. கலியாணக் கார்ட்டிலை அபியின்ரை அப்பான்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடுறதோ, விடுறதோ? அச்சுக்குக் குடுக்கவேணும்."

ஒரே ஒரு சொல். ஆனால் அந்தச் சொல்லைப் போட்டால் அண்ணி விதவை. பெற்ற பிள்ளையின் மணவறையில் ஏற முடியாது, நானும் என் மனைவியும்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், அண்ணி பின்வரிசைக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். இந்தக் காலத்தில் இதெல்லாமா என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்களே, என்ன செய்வது? அபியிடம் கேட்டேன். "சித்தப்பா, அம்மாவுக்கு எது ஓகேயோ அது எனக்கும் ஓகே, ஜஸ்ட் டோன்ட் மேக் ஹெர் க்ரை" என்றாள். அண்ணி ஒரே பிடியாக நின்றார்.

"நான் அந்தச் சொல்லைப் போட விடமாட்டன், தம்பி. ஆர் கண்டது?"

ஆர் கண்டது என்ற அந்தக் கேள்விதான் எனக்குத் தலைக்குள் ஏறிவிட்டது. அந்தப் புரட்டாசியில் சுவிஸில் என் மச்சான் வீட்டில் ஒரு விசேஷம், நான் மட்டும் போயிருந்தேன். அங்கிருந்து அப்படியே ரயில் ஏறி இத்தாலியின் தெற்கு மூலைக்கு, கலாப்ரியா கரையோரத்து ஒரு சின்ன ஊருக்குப் போனேன். கப்பல்கள் கரை ஒதுங்கின ஊர்களில் அதுவும் ஒன்று. கடலில் எடுத்தவர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தேன். பெயர் இல்லாத சிலுவைகள் வரிசையாக நின்றன. எதன் கீழே யார் என்று காவல்காரனுக்கே தெரியாது. கால் ஓய்ந்துபோய் ஹோட்டலுக்கு வந்தேன்.

ஹோட்டல் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். கடலைப் பார்த்தபடி ஒடுங்கிய பழைய மாடி வீடு, மஞ்சள் சுண்ணாம்பு உரிந்து தொங்கியது, லிப்ட் கிடையாது. நடத்துகிறவள் கார்மேலா என்று ஐம்பது ஐம்பத்தைந்து வயதுப் பெண். சீசன் முடிந்துவிட்டதால் அங்கே தங்கியிருந்தது நான் ஒருவன்தான். அவள் என் பாஸ்போர்ட்டை வாங்கி, பெயரைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்பப் பெயரைப் பார்த்தாள். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது, அப்பாவின் பெயர்தானே இருக்கும், எனக்கும் அண்ணனுக்கும் ஒரே பெயர். பிறகு நான் பதிந்திருந்த பின்பக்க அறையை விட்டுவிட்டு, கேட்காமலே கடல் பக்க அறையின் திறப்பை, நீங்கள் சொல்கிற சாவியை, தந்தாள். எனக்கு உடனே சந்தேகம். காரணமில்லாமல் யாராவது நல்ல அறை தருவார்களா? போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து, இந்தக் கரையில் எங்கள் நாட்டு ஆட்கள் வந்து இறங்கினது தெரியுமா என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல, போன் சுத்தமான செந்தமிழில், "அது பழைய விஷயம், ஐயா" என்றது.

அறைக்குள் போனதும் வழக்கம்போல எல்லாவற்றையும் பார்த்தேன். வேலைப் பழக்கம், விடாது. அலுமாரிக்குப் பின்னால் பக்கத்து அறைக்குப் போகும் கதவு ஒன்று இருந்தது, ஆனால் சட்டத்தோடு சேர்த்து மேலே மேலே பெயின்ட் அடித்து ஒட்டியே போயிருந்தது. பால்கனிக்கு மரக் கதவு, உள்ளே கொளுக்கி. வேறு வழி இல்லை.

அடுத்த நாள் அமாவாசை. விடிய எழும்பி யோசித்தேன், அண்ணனுக்குப் படைத்துவிட்டால் என்ன? நம்பிக்கையால் அல்ல. படைத்தாயிற்று, இனி அவர் செத்தவர்தான் என்று அண்ணியிடம் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான். செத்தது உறுதியாகத் தெரியாத ஒருவருக்கு எங்களில் யாரும் படைக்க மாட்டார்கள், அது தெரிந்துதான் செய்தேன். அண்ணிக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"உயிரோடை இருக்கிற மனுசனுக்குப் படைக்கிறதோ? உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், செய்யாதேங்கோ, தம்பி."

"அண்ணி, எத்தினை வருசத்துக்கு இப்பிடியே இருக்கப் போறியள்?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் வாங்கோ."

நான் போனை வைத்துவிட்டேன்.

எங்கே போனாலும் நம்மவர் பெட்டிக்குள் ஒரு சின்ன ரைஸ் குக்கர் இருக்கும் அல்லவா, மச்சான் வீட்டில் எனக்கும் ஒன்றைத் திணித்து அனுப்பியிருந்தார்கள், கூடவே மோர்மிளகாயும் பொரித்துத் தந்திருந்தார்கள். அண்ணனுக்கு மோர்மிளகாய் என்றால் உயிர். சோறும் பருப்பும் வைத்து, சாப்பாட்டறையில் இரவல் வாங்கிய தட்டில் பரிமாறி, ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்து, மெழுகுதிரி ஏற்றினேன். எங்கள் பக்கத்தில் படைத்தால் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். சாப்பிடுகிறவரைக் குழப்பக்கூடாது என்பார்கள். திரும்பப் போகும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பால்கனிக் கதவைக் கொளுக்கி போட்டு, அறையைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி மாடிப்படியில் உட்கார்ந்தேன். வேறு படி கிடையாது, என்னைத் தாண்டாமல் ஒரு பூனைகூடப் போக முடியாது.

அந்த ஊரில் மத்தியானத்தில் எல்லாரும் கதவு ஜன்னல் சாத்திப் படுத்துவிடுகிறார்கள். நாய்கூடக் குரைக்காது. நம் ஊரில் உச்சி வேளையில் தனியாகப் போகாதே என்று பிள்ளைகளைத் தடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு வெறுமை. நான் போனில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் போகட்டும் என்று இருந்துவிட்டு எழும்பிப் போய், எனக்கே வெட்கமாக இருந்தாலும், முறைப்படி கதவைத் தட்டினேன்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அது நின்ற பிறகுதான் அதுவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்கு உறைத்தது. யாரோ குழாயை மூடினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். அண்ணா என்று கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. திறப்பைப் போட்டுத் திறந்தேன்.

அறையில் ஆள் இல்லை. தட்டு துடைத்தெடுத்த மாதிரிக் காலி. மோர்மிளகாய்க் காம்புகள் மட்டும் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. கிளாஸில் தண்ணீர் இல்லை. குளியலறையில் கை கழுவும் தொட்டி நனைந்திருந்தது, விளிம்பில் ஒரு பருப்பு ஒட்டியிருந்தது, கை துடைக்கும் துவாய் ஈரம். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன், சிரிக்காதீர்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பால்கனிக் கொளுக்கி போட்டபடி இருந்தது. அலுமாரியை இழுத்து அந்தக் கதவை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை. படம் எடுத்தீர்களா என்று கேட்கப் போகிறீர்கள். எடுத்தேன். படத்தில் ஒரு வெறும் தட்டு இருக்கிறது. அப்படி ஒரு படத்தை யாராவது என்னிடம் கொண்டுவந்திருந்தால், போடா என்று கிளெய்மைத் தள்ளியிருப்பேன்.

விறுவிறென்று கீழே இறங்கிப் போனேன். எனக்குக் கார்மேலா மேல்தான் கோபம், இவள்தான் ஏதோ சித்து விளையாடுகிறாள் என்று. பின்பக்கம் அவள் வீட்டோடு ஒட்டினாற்போல் குசினி, உங்கள் பாஷையில் சமையலறை. அவள் தனியாக இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பி அல்ல, பால் விடாத வெறும் தேத்தண்ணி. இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, அதை நக்கி நக்கி, ஒவ்வொரு மிடறாகக் குடித்தாள்.

உங்களுக்கு அது விளங்காது. தேத்தண்ணிக்குள் சீனி போடாமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இத்தாலியில் எவள் அப்படிக் குடிப்பாள்? நான் போனை நீட்டி, இதை யார் பழக்கினது என்று கேட்டேன். அவள் சொன்னதைப் போன் சொன்னது: "எங்கள் வீட்டில் இப்படித்தான் குடிப்போம்." வீட்டில் யார் என்று கேட்டேன். அவள் என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி, மேசையில் குப்புற வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நாலு எட்டு வைத்துத் தட்டியிருக்கலாம். நான் தட்டவில்லை. பயந்துவிட்டேன், ஐயா. செத்த அண்ணனுக்குப் பயப்படவில்லை, அந்தக் கதவைத் திறந்துகொண்டு நரைத்த தலையோடு உயிருள்ள அண்ணன் வந்து நின்றால் நான் அண்ணியிடம் போய் என்ன சொல்வது? அந்தப் பக்கங்களில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள், எவனிடமாவது இதைப் பழகியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பின்னேர ரயிலுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் பழகியிருந்தாலும் பூட்டின அறைக்குள் சாப்பிட்டது யார் என்பதற்கு அது பதிலும் இல்லை.

ஆக்லாந்து வந்து அண்ணியிடம் தட்டையும் தண்ணீர்ச் சத்தத்தையும் மட்டும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் குசினியில் நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"கை கழுவினவரோ?"

"ஓம் அண்ணி."

"செத்த ஆக்கள் கை கழுவமாட்டினம், தம்பி."

சொல்லிவிட்டு முகத்தைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதார், அப்படி ஒரு சந்தோஷ அழுகை நான் பார்த்ததில்லை. கல்யாணக் கார்டில் அந்தச் சொல் ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருமாதிரி முகம் சுளித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அண்ணி அரக்குப் பட்டுச் சேலையும் பெரிய பொட்டுமாக மணவறையில் நின்று மகளைத் தாரை வார்த்தார். பார்த்தவர்கள் எல்லாருக்கும் கண் கலங்கியது. நான் மட்டும் அவரை நேராகப் பார்க்க முடியாமல் சாப்பாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். போன கிழமை அண்ணியைக் காரில் டெய்ரிக்கு, பால் பாண் விற்கிற சின்னக் கடைக்கு, கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் தெரு முனையில் திரும்பும்போது, காய்கறி விலை கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டார்.

"தம்பி, அந்த மனுசி அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுப்பாளோ?"

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன், பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். "எந்த மனுசி, அண்ணி?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பாணும் வாங்கவேணும் என்றார்.

அந்த ஹோட்டலை நடத்துவது ஆணா பெண்ணா என்றுகூட நான் வீட்டில் மூச்சு விட்டதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. கார்மேலா என்று ஒருத்தி இருப்பதை இன்றைக்கு உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.